நெஞ்சு படபடக்கும்போது எதற்குப் பயப்பட வேண்டும்?

(இதய வால்வுக் கோளாறு உள்ளவர்களும் அவர்களது குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் இதயநோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வால்வில் கோளாறு உள்ளவர்கள் வந்திருக்கிறீர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் படுத்திருந்து, நடு இரவில் ‘என்ன செய்யுது?’ என்று எழுந்து உட்காருகிறவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்கள் இரு சாராருக்கும் சேர்த்தே பேசப்போகிறேன்.

இதயநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் எந்த மருத்துவரும் இந்த இரண்டு பேரை அடிக்கடி பார்ப்பார். ஒருவர் கல்லூரி மாணவி. ‘நெஞ்சு எகிறிக் குதிக்குது டாக்டர், ஒரு நிமிஷம் நின்னே போயிடுது’ என்று கண்கலங்கச் சொல்வார். ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ எடுத்தால் ஈரிதழ் வால்வின் இதழ் லேசாகப் பின்பக்கம் பிதுங்குகிறது. கசிவு இல்லை என்றே சொல்லலாம். இன்னொருவர் நாற்பது வயதைத் தாண்டிய இல்லத்தரசி. மகள் கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருப்பாள். ‘மாடி ஏறினா கொஞ்சம் படபடன்னு வருது, வேலை ஜாஸ்தி, அதான்’ என்பார். எக்கோவில் வால்வு சுருங்கியிருக்கும், இடது மேலறை வீங்கியிருக்கும், ஈசிஜியில் துடிப்பு ஒழுங்கற்று ஓடும். முதலாமவர் நன்றாக இருக்கிறார். இரண்டாமவருக்கு எந்த நாளிலும் பக்கவாதம் வரலாம்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: படபடப்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை வைத்து ஆபத்தை அளக்கக் கூடாது. எந்த வால்வில் என்ன கோளாறு, துடிப்பு எந்த வகை, கூடவே என்ன அறிகுறி என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது விளங்கும்.

நம் இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. இத்தனை துடிப்பும் நமக்குத் தெரிவதில்லை. தெரிய ஆரம்பிக்கும்போது அதைப் படபடப்பு என்கிறோம். இதயத்தில் நான்கு வால்வுகள். இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது ஈரிதழ் வால்வு. மருத்துவர்கள் மைட்ரல் வால்வு என்று எழுதுவார்கள். படபடப்போடு அதிகம் தொடர்புடையது இதுதான்; அதனால் இதைப் பற்றியே பேசுகிறேன்.

‘நின்னே போயிடுது’ என்று அந்த மாணவி சொன்னாரே, அதற்கு விளக்கம் உண்டு. சில நேரம் ஒரு துடிப்பு உரிய நேரத்துக்கு முன்பே வந்துவிடும். அதற்குள் இதயத்தில் போதிய ரத்தம் நிரம்பியிருக்காது. அதனால் அந்தத் துடிப்பு வலுவில்லாமல் போகும். பிறகு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ரத்தம் நிரம்பும்; அடுத்த துடிப்பு அதை ஓங்கித் தள்ளும். இதயம் நின்றது போலவும் பிறகு குதித்தது போலவும் நமக்குத் தோன்றுவது இதனால்தான். வால்வில் எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கும் இது வரும். உணரும்போது பயங்கரமாக இருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

வால்வு பிதுங்கலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒரு ‘க்ளிக்’ ஒலியையும் அதைத் தொடரும் முணுமுணுப்பையும் நெடுங்காலம் மருத்துவர்கள் இதயத்துக்கு வெளியிலிருந்து வருவதாக நினைத்தார்கள். அவை ஈரிதழ் வால்விலிருந்தே வருகின்றன என்று 1960-களில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஜான் பார்லோ காட்டினார். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இந்தப் பிதுங்கல் இருக்கிறது என்று இன்று கணக்கிடுகிறார்கள். இந்த மண்டபத்தில் அது இருப்பதே தெரியாமல் சிலர் உட்கார்ந்திருக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் முழு ஆயுளும் வாழ்வார்கள்.

ஆனால் எல்லாருக்கும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. வால்வு பிதுங்கியவர் மயங்கி விழுந்திருந்தால், கசிவு கடுமையாக இருந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், கீழறையிலிருந்து கிளம்பும் துடிப்புகள் கூட்டம் கூட்டமாக வந்தால், அவருக்கு முழுமையான பரிசோதனை தேவை. ‘எல்லாம் மனசுதான், பயப்படாதே’ என்று வீட்டில் சொல்லி அனுப்பிவிடக் கூடாது. பயம் தேவையில்லை என்று சொல்வதற்கும் பரிசோதனை வேண்டும்.

இப்போது வால்வு சுருக்கத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் ஈரிதழ் வால்வு சுருங்குவதற்கு முதன்மையான காரணம் ருமாட்டிக் காய்ச்சல். ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வரும், தானே சரியாகிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் வீக்கமும் வரும். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய தற்காப்பு தன் இதயத்தையே தாக்கியதன் அடையாளம் அது. மூட்டு வீக்கம் தடம் தெரியாமல் போய்விடும். வால்வில் பட்ட காயம் ஆண்டுக்கணக்கில் தடித்து, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வால்வு ஒன்றரைக்கும் கீழே போனால் அதைக் கடுமையான சுருக்கம் என்கிறோம்.

இந்த நோயில் வேகமே எதிரி. காரணத்தைக் கேளுங்கள். மேலறையில் உள்ள ரத்தம் கீழறைக்கு இறங்குவது இதயம் ஓய்ந்திருக்கும் அந்த நொடிப்பொழுதில்தான். துடிப்பின் வேகம் கூடினால் ஓய்வு நேரம்தான் முதலில் குறையும். திருவிழாக் கூட்டத்தை ஒற்றைக் கதவு வழியே விடும்போது அந்தக் கதவையும் சீக்கிரம் சாத்தினால் வெளியே நெரிசல் எப்படி ஏறும்? அப்படி மேலறையில் அழுத்தம் ஏறுகிறது, அது நுரையீரலுக்குப் போகிறது, மூச்சு வாங்குகிறது. இதனால்தான் உங்கள் மருத்துவர் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைத் தருகிறார். காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது என்று துடிப்பை வேகப்படுத்தும் எதுவும் உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் சுமை. சாதாரணக் காய்ச்சல்தானே என்று மூன்று நாள் காத்திருக்காதீர்கள்.

ஆண்டுகள் போகப் போக வீங்கிய மேலறை ஒழுங்காகச் சுருங்குவதை விட்டு நடுங்க ஆரம்பிக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று உங்கள் சீட்டில் எழுதியிருப்பது இதைத்தான். நடுங்கும் அறையின் மூலையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் நடந்த நீண்டகால ஆய்வு 1978-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. வால்வு நோய் இல்லாமல் இந்த நடுக்கம் மட்டும் இருந்தால் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. ருமாட்டிக் வால்வு நோயோடு சேர்ந்து வந்தால் பதினேழு மடங்கு கூடுகிறது. இப்படிப்பட்ட துடிப்புச் சிலருக்குப் படபடவென்று தெரியும்; சிலருக்குத் தெரியவே தெரியாது. மாடி ஏறும்போது ‘கொஞ்சம் படபடன்னு’ வந்ததாகச் சொன்ன அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, அவருக்கு ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைதான் உயிர்க்காவல். வார்ஃபரின், அசிட்ரோம் என்ற பெயர்களை இங்கே பலர் அறிவீர்கள். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனைக்கு ஐஎன்ஆர் என்று பெயர். ‘இந்த மாத்திரைக்கு மாதாமாதம் ஐஎன்ஆர் பார்க்கணும், புதுசா வந்த மாத்திரைக்கு ஒன்றும் பார்க்க வேண்டாமாமே’ என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்ல 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்ட ருமாட்டிக் வால்வு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இன்விக்டஸ் என்று அதற்குப் பெயர். 2022-இல் முடிவு வந்தது. புதிய மாத்திரையான ரிவரோக்ஸபானைவிடப் பழைய மாத்திரையைச் சாப்பிட்டவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. கடுமையான சுருக்கம் உள்ளவர்களும் உலோக வால்வு வைத்தவர்களும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொள்ளக் கூடாது.

இனி, படபடப்பு வரும்போது என்ன செய்வது?

முதலில் உட்காருங்கள். நடந்துகொண்டோ, வண்டி ஓட்டிக்கொண்டோ இருந்தால் நிறுத்துங்கள். கட்டைவிரல் பக்கத்தில் மணிக்கட்டின் மேல் இரண்டு விரலை வைத்து முழு ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது ஒழுங்கான துடிப்புக்குச் சரி. ஒழுங்கற்ற துடிப்புக்குச் சரிவராது. எண்ணும்போதே தாளத்தையும் கவனியுங்கள். சீராக ஓடுகிறதா, இடையிடையே ஒன்று தவறுகிறதா, எந்தத் தாளமும் இல்லாமல் ஓடுகிறதா? திடீரென்று ஆரம்பித்ததா, மெல்ல ஏறியதா? எத்தனை நிமிடம் நீடித்தது? அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? இவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். மருத்துவரிடம் ‘அடிக்கடி வருது’ என்று சொல்வதைவிட இந்த நோட்டு அவருக்கு நூறு மடங்கு உதவும்.

மூச்சை ஆழமாக இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் எடுத்து வெளியே விடுங்கள். பதற்றத்தால் ஏறிய வேகம் இதில் இறங்கும். மூச்சை அடக்கி முக்கினால் துடிப்பு நிற்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு வகை வேகத் துடிப்புக்கு அது பலன் தரும். மேலறை நடுக்கத்தை அது சரிசெய்யாது. உங்களுக்கு எந்த வகை என்று மருத்துவர் சொல்லிக் கொடுத்திருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இந்த அறிகுறிகளை வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும்: படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, படுக்க முடியாத மூச்சுத்திணறல், வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொய்வது, பேச்சுக் குழறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டை எழுத வேண்டாம், ‘கொஞ்சம் பார்க்கலாம்’ என்று காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். மூளையில் அடைப்பா, கசிவா என்று பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்ய அந்தத் தகவல் தேவை.

பல நேரம் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது படபடப்பு நின்றுவிடும். ஈசிஜி இயல்பாக இருக்கும். ‘ஒன்றும் இல்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். இந்தச் சிக்கலுக்காகவே அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர் உடலில் கட்டிக்கொண்டு நடமாடக்கூடிய ஈசிஜி கருவியை உருவாக்கி 1961-இல் அறிவித்தார். இன்றும் அவர் பெயரால்தான் ஹோல்டர் பரிசோதனை என்கிறோம். அதைக் கட்டியிருக்கும் நாளில் படுத்தே கிடக்காதீர்கள். எப்போது படபடப்பு வருமோ அந்த வேலையைச் செய்யுங்கள். வந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சில சொற்கள். ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையே தொடக் கூடாது என்று பலர் நம்புகிறார்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்கிறது, உண்மைதான். ஆனால் முருங்கைக்கீரையை ஒரு மாதம் ஒதுக்கிவிட்டு அடுத்த மாதம் தினமும் சாப்பிடுவதுதான் ஐஎன்ஆரைத் தாறுமாறாக்கும். வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிடுங்கள். அதற்கேற்ப மருத்துவர் மாத்திரையை அமைத்துக்கொள்வார். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் நீங்களே வலி மாத்திரை வாங்காதீர்கள். வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். இடுப்பில் ஊசி போட வரும் யாரிடமும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் எழுதினால் ஐஎன்ஆரைச் சீக்கிரமே மறுபடி பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்காதீர்கள். மூக்கடைப்புக்கு விற்கும் சில மாத்திரைகள் துடிப்பை வேகப்படுத்தும், அவற்றைத் தவிருங்கள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் துடிப்பு முன்பைவிட வேகமாக எகிறும். ஊருக்குப் போகும்போது பையில் முதலில் வைக்க வேண்டியது அதுதான். மதுவை விடுவது மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்கு உறுதியான பலன் தருகிறது. காபியைப் பொறுத்தவரை உங்கள் நோட்டே சொல்லும்: குடித்த பிறகு படபடப்பு வருகிறது என்று தெரிந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், தெரியாவிட்டால் காலைக் காபியை இழக்க வேண்டியதில்லை. பல்லைச் சுத்தமாக வைத்திருங்கள். ஈறு வழியாகக் கிருமி புகுந்தால் பழுதான வால்விலோ மாற்று வால்விலோ அது குடியேறிவிடும். பல் பிடுங்கும் முன் வால்வு விஷயத்தைச் சொல்லுங்கள்.

தாய்மார்களிடமும் மாமியார்களிடமும் தனியே ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் உடலில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதிப் பங்கு கூடுகிறது, துடிப்பும் வேகமாகிறது. அதுவரை சத்தமில்லாமல் இருந்த வால்வு சுருக்கம் அப்போதுதான் தலைகாட்டும். சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதயநோயுள்ள கர்ப்பிணிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு இதயநோய் இருப்பதே கர்ப்பத்தின்போதுதான் தெரிந்தது. அதிகமாகக் காணப்பட்டது ருமாட்டிக் வால்வு நோய். ‘மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்’ என்று நாம் சொல்லும் ஆறுதலுக்குள் ஓர் உயிர் நழுவிப் போகலாம். மூச்சு வாங்குவது நாளுக்கு நாள் கூடினால், தட்டையாகப் படுக்க முடியாவிட்டால், உடனே எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். தொடக்க வாரங்களில் அது கருவைப் பாதிக்கக்கூடும். பயந்து தாமாக நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. வால்வு நோயை மறைத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் புகுந்த வீட்டில் மறைத்து மறைத்து மாத்திரை சாப்பிடும் பெண் ஒரு நாள் மாத்திரையை விட்டுவிடுவாள். கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உண்மை தெரிந்த வீடுதான் அவளை நேரத்துக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்.

இரவைப் பற்றியும் பேசியாக வேண்டும். சத்தம் அடங்கியதும், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்ததும் துடிப்பு காதில் கேட்கிற மாதிரி இருக்கும். பகலில் இருந்த அதே துடிப்புதான் அது. ஆனால் பயம் வந்தால் துடிப்பு ஏறும். ஏறினால் பயம் கூடும். வலப்பக்கம் திரும்பிப் படுங்கள், எழுந்து உட்காருங்கள், நாடியைப் பாருங்கள். நீங்கள் எண்ணிய எண்ணிக்கையும் உங்கள் மருத்துவர் வகுத்துக் கொடுத்த எல்லையும் கையில் இருந்தால் பயத்துக்கு ஒரு வரம்பு கிடைக்கும். பக்கத்தில் இருப்பவர்களே, ‘உனக்கு ஒண்ணும் இல்ல, தூங்கு’ என்று சொல்லாதீர்கள். ‘இரு, நான் எண்ணிப் பார்க்கிறேன்’ என்று கையைப் பிடியுங்கள். அந்தப் பயம் பொய்யில்லை. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதும் இதய சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

சிகிச்சை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்தால் மனம் இன்னும் தெம்படையும். 1925-இல் லண்டனில் ஹென்றி சௌட்டர் என்ற அறுவை மருத்துவர், துடித்துக்கொண்டிருந்த இதயத்துக்குள் விரலை விட்டு ஓர் இளம்பெண்ணின் ஈரிதழ் வால்வைத் தொட்டுப் பார்த்து விரித்தார். அவள் பிழைத்தாள். 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் ஒலியலையால் இதயத்தைப் பார்த்தார்கள். எட்லர் தேடியதே ஈரிதழ் வால்வின் நிலையைத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான். நீங்கள் எடுக்கும் எக்கோ அங்கே பிறந்தது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஸ்டான்லி ஜான் தலைமையிலான குழு, இதயத்தைத் திறக்காமலே வால்வை விரிக்கும் அறுவையைச் செய்துகொண்ட 3,724 பேரின் விவரங்களை 1983-இல் வெளியிட்டது. உலகமே அதைக் கவனித்தது. அடுத்த ஆண்டு ஜப்பானின் கான்ஜி இனோவே, தொடை வழியே பலூனை அனுப்பி வால்வை விரிக்கும் முறையை அறிவித்தார். இன்று நம்மூரில் ‘பலூன் வெச்சிருக்காங்க’ என்று சொல்வது அதைத்தான். எம்.எஸ். வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வால்வு மாற்றும் அறுவைக்குத் தமிழ்நாடு அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்கிறது. பணமில்லை என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

ஆனால் பலூன் வைத்த பிறகும், வால்வு மாற்றிய பிறகும் ஒரு சோதனை காத்திருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும். படபடப்பு இருக்காது. ‘இனி மாத்திரை எதற்கு?’ என்று தோன்றும். படபடப்பைக் கொண்டு ஆபத்தை அளக்கக் கூடாது என்றேனே, அது இங்கேதான் மிகவும் பொருந்தும். உலோக வால்வு வைத்தவர் மாத்திரையை விட்டால் வால்விலேயே ரத்தம் உறையும். வழக்கமாகக் கேட்கும் அதன் ‘டிக் டிக்’ ஒலி மங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்குப் போடும் பென்சிலின் ஊசியும் அப்படித்தான். மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் அந்த ஊசி பழைய காயத்தை ஆற்றுவதற்கில்லை; அடுத்த காயம் வராமல் தடுப்பதற்கு. எதுவும் செய்யாதது போல் தோன்றும் நாளிலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இங்கிருந்து போகும் முன் ஒவ்வொருவரும் ஒரு சிறு அட்டையில் ஐந்து விஷயம் எழுதி, சட்டைப்பையிலோ கைப்பையிலோ வையுங்கள்: வால்வில் உள்ள கோளாறின் பெயர், கடைசியாக எக்கோ எடுத்த தேதி, சாப்பிடும் மாத்திரைகள், கடைசி ஐஎன்ஆர், நாடி எத்தனைக்கு மேல் போனால் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று உங்கள் மருத்துவர் சொன்ன எண். இதில் எதற்காவது விடை தெரியாவிட்டால் அடுத்த முறை அதைக் கேட்காமல் மருத்துவரின் அறையை விட்டு எழுந்திருக்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை. விளக்குவது எங்கள் கடமை. அதோடு, வீட்டில் தொண்டை வலியும் காய்ச்சலுமாகப் பிள்ளை யாராவது இருந்தால், நாளைக் காலையே மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் வால்வு பட்ட பாடு அந்தப் பிள்ளையின் வால்வுக்கு வேண்டாம்.